ரிசப்ஷன் மேசையிலிருந்து: எங்கள் ஆபீஸ் போனும் வாய்ஸ்மெயிலும்

ஆபீஸுக்கு போன் சிஸ்டம் வாங்குவது ஐடி பிரிவும் கணக்குப் பிரிவும் பேசி முடிக்கிற விஷயம். நாள் முழுக்க அதோடு வேலை பார்ப்பது ரிசப்ஷனில் இருக்கும் நான். ஆகவே என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் எது உதவுகிறது, எது படுத்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுடையது ஆஸ்டரிஸ்க் மேல் கட்டிய சிஸ்டம். மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. வேறு வேறு பெயரில் விற்கிற பல ஆபீஸ் போன் சிஸ்டங்களுக்குள்ளும் இதுதான் ஓடுகிறது. மேசைக்கு மேசை ஐபி போன் (கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்), உள்ளே ஒரு சர்வர், அவ்வளவுதான். முன்பு சுவரில் ஒரு பெட்டியும் அதிலிருந்து கற்றை கற்றையாக ஒயரும் போகும்.

எந்த சிஸ்டத்தையும் நான் அளப்பது ஒரே கேள்வியை வைத்துத்தான்: அழைத்தவர் தன் விஷயத்தை எத்தனை பேரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டி வருகிறது? ஒரு முறை சொன்னது உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் நல்ல சிஸ்டம். என்னிடம் ஒரு முறை, கணக்குப் பிரிவில் ஒரு முறை, அவர்கள் திருப்பி அனுப்பினால் மறுபடி என்னிடம் ஒரு முறை என்று ஆனால், போனில் எத்தனை வண்ணத் திரை இருந்தும் பயனில்லை.

டிரான்ஸ்ஃபரில் இது முதலில் தெரிந்துவிடும். இரண்டு வகை உண்டு. நேராகத் தள்ளிவிடுவது ஒன்று. எக்ஸ்டென்ஷனை, அதாவது அவருடைய உள் எண்ணை, அழுத்தி அனுப்பினால் என் வேலை முடிந்தது. அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால் அழைத்தவர் நேரே வாய்ஸ்மெயிலில் போய் விழுவார். எனக்கு எதுவும் தெரியாது. இன்னொன்று கேட்டுக் கொடுப்பது. டிரான்ஸ்ஃபர் அழுத்தி, எக்ஸ்டென்ஷன் போட்டு, அவர் எடுத்ததும் "சார், போன வாரம் வந்த பில்லில் ஒரு தொகை ரெண்டு தடவை ஏறியிருக்காம், அதைப் பத்திப் பேசணும்கிறாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி டிரான்ஸ்ஃபர் அழுத்துவது. எடுக்காவிட்டால் கேன்சல் செய்து அழைத்தவரிடமே திரும்பிவிடலாம். "அவர் சீட்டில் இல்லைங்க, மெசேஜ் விடுறீங்களா, நான் குறிச்சுக்கட்டுமா?" என்று கேட்க முடியும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்கிறேன். சில வினாடி கூடுதலாகப் போகும். அந்த நேரம் வீணில்லை என்பது எடுத்துப் பேசுகிறவருக்கும் தெரியும்.

இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கேட்டுக் கொடுத்த கால் கைமாறிய பிறகும், எடுத்தவரின் திரையில் என் எக்ஸ்டென்ஷன்தான் நின்றுகொண்டிருந்தது. பேச்சு பாதியில் அறுந்தால் திரும்பக் கூப்பிட அவரிடம் நம்பர் இருக்காது, என்னிடம் வருவார். கால் கைமாறியதும் அழைத்தவரின் நம்பரை போனுக்கு அனுப்பும் வசதி ஆஸ்டரிஸ்க்கிலேயே இருக்கிறது. எங்களுக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் அதைப் போட்டுவிடவில்லை. கேட்ட பிறகு போட்டார்கள், திரை சரியானது. ஆனால் எங்கள் போன்களின் கால் லாக்கில் இன்னமும் என் நம்பர்தான் பதிவாகிறது. வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பார்க். ஹோல்டில் போட்டால் அந்தக் கால் என் போனில்தான் கிடக்கும், நான்தான் எடுக்க முடியும். பார்க் செய்தால் எந்த போனிலிருந்தும் எடுக்கலாம். டிரான்ஸ்ஃபர் அழுத்தி 700 போட்டதும் என் காதில் "701" என்று சொல்லும். மறுபடி டிரான்ஸ்ஃபர் அழுத்தினால் கால் அங்கே போய் நின்றுவிடும். கிடங்கில் நிற்பவரிடம் "அக்கா, உங்களுக்கு 701-ல் கால்" என்று சொன்னால் போதும். பக்கத்தில் உள்ள எந்த போனிலும் 701 அழுத்தி அவர் பேசலாம். தன் சீட்டில் உட்காராத ஆட்கள் எந்த ஆபீஸிலும் இருப்பார்கள். அவர்களுக்காகவே இந்த வசதி வேண்டும்.

யாரும் எடுக்காவிட்டால் பார்க் செய்தவருக்கே கால் திரும்பி வரும். ஆஸ்டரிஸ்க்கில் இயல்பாக இருப்பது 45 வினாடி. கிடங்கின் கடைசியில் இருக்கிறவர் போன் வரை நடந்து வர அது போதாது. நாங்கள் கூட்டி வைத்துக்கொண்டோம். ரொம்பவும் கூட்டக் கூடாது. ஹோல்ட் மியூசிக்கோடு தனியாக விடப்பட்டவர் எத்தனை நேரம் பொறுத்திருப்பார்?

என் போனில் வரிசையாக இருக்கும் சின்ன விளக்குகளும் நல்ல வசதி. பச்சை என்றால் அந்த எக்ஸ்டென்ஷன் சும்மா இருக்கிறது, சிவப்பு என்றால் பேசிக்கொண்டிருக்கிறார், மின்னினால் மணி அடிக்கிறது. மின்னுகிற பட்டனை அழுத்தினால் அந்தக் காலை நானே எடுத்துவிடலாம். அடித்து அடித்து ஓய்கிற கால்கள் இதனால் குறைந்தன.

அப்புறம் ஒலி. ஆபீஸுக்குள் பேசும்போது எங்களுக்கு ஜி.722 என்ற, குரலைச் சுருக்கி அனுப்பும் முறை ஓடுகிறது. ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை குரல் வருவதால் எதிரில் நின்று பேசுவது போலக் கேட்கும். வெளி லைனில் பழைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் அடையாளத்தில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால்தான் வெளியிலிருந்து வருகிறவர்களின் பெயர் சரியாக விழுவதில்லை. எவ்வளவு செலவழித்து போன் வாங்கினாலும் இது மாறாது, எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கிளை ஆபீஸுக்குப் போகும் இணைப்பில் மட்டும் இன்னும் அதிகமாகச் சுருக்கும் ஜி.729 வைத்திருந்தார்கள். வினாடிக்கு 64 கிலோபிட் எடுக்கும் இடத்தில் 8 கிலோபிட்டில் முடித்துவிடும். குரலுக்குப் பரவாயில்லை, ஹோல்ட் மியூசிக் மட்டும் கேட்கச் சகிக்காது. அந்த இணைப்பில் வேறு ஆபீஸ்களின் "ஒன்றை அழுத்தவும்" என்ற மெனுவும் வேலை செய்யவில்லை. எண்ணை அழுத்தும்போது எழும் ஓசையைக் குரலோடு சேர்த்துச் சுருக்கினால் அது சிதைந்துவிடும். எண்களைத் தனியாக அனுப்பும்படி மாற்றியதும் சரியாயிற்று.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஐபி போன்களுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வரும், தனி அடாப்டர் வேண்டாம். ஆனால் சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு, கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சை மறந்துவிட்டால், கரண்ட் போனதும் எல்லா போனும் சேர்ந்து செத்துவிடும்.

வாய்ஸ்மெயிலுக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கம் உண்டு, மெசேஜ் விடுகிறவர், கேட்கிறவர். பெரும்பாலும் இரண்டாமவரை மட்டும் நினைத்தே அமைக்கிறார்கள்.

மெசேஜ் விடுகிறவருக்குப் பெரிய எதிரி இரண்டு செட்டிங். ஒன்று, மெசேஜ் இவ்வளவு நேரம்தான் என்ற வரம்பு. எங்களுக்கு ஒரு நிமிடம் வைத்திருந்தார்கள். பொதுவாக மக்கள் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் நம்பர் சொல்வார்கள். நம்பரில் பாதி போனதும் வெட்டிவிடும். இன்னொன்று, மௌனத்தைப் பார்த்து முடித்துக்கொள்வது. பத்து வினாடி சத்தம் இல்லையென்றால் பேசி முடித்துவிட்டார் என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். பில் நம்பரைத் தேடிப் பையைத் துழாவுகிறவருக்கு அது எப்படிப் போதும்? நேரத்தை மூன்று நிமிடமாக்கி மௌனத்தையும் கூட்டச் சொன்னேன். பாதியில் நின்ற மெசேஜ்கள் அதோடு போயின. பீப் கேட்டதும் வைத்துவிடுகிறவர்களின் "டொக்" சத்தம் மெசேஜாகச் சேராமல் இருக்க, குறைந்தபட்சம் இத்தனை வினாடி இருந்தால்தான் சேமி என்று சொல்லவும் இடமிருக்கிறது.

விட்ட மெசேஜைத் தானே ஒரு முறை கேட்டு, பிடிக்காவிட்டால் அழித்து மறுபடி பேசும் வசதி ஆஸ்டரிஸ்க்கில் உண்டு. இயல்பாக அது மூடியே இருக்கும். திறந்து வையுங்கள். தடுமாறிப் பேசிவிட்டவர்கள் மறுபடி கூப்பிட்டு இரண்டாவது மெசேஜ் விடுவது இதனால் குறையும். வாழ்த்துரை ஓடும்போது # அழுத்தினால் நேரே பீப்புக்குப் போகலாம், 0 அழுத்தினால் ஆபரேட்டருக்கு, அதாவது எனக்கு, வரலாம். பூஜ்யம் வேலை செய்யும்படி அமைத்திருக்க வேண்டும், வாழ்த்துரையில் அதைச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

வாழ்த்துரை மூன்று வகை. சீட்டில் இல்லாதபோது ஒன்று, லைனில் இருக்கும்போது ஒன்று, தற்காலிகமாக ஒன்று. லீவில் போகிறவர் தற்காலிகத்தைப் பதிவு செய்தால் அது மற்ற இரண்டையும் மறைத்துக்கொண்டு ஒலிக்கும். திரும்பி வந்ததும் அழிக்க வேண்டும். அழிக்கத்தான் யாருக்கும் நினைவு வருவதில்லை. சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் போன் "நான் விடுப்பில் இருக்கிறேன்" என்று சொன்னால் அழைத்தவர் எதை நம்புவார்? தன் வாய்ஸ்மெயில் பெட்டிக்குள் நுழையும்போதெல்லாம் தற்காலிக வாழ்த்துரை இருக்கிறது என்று நினைவூட்டும் ஒரு செட்டிங் உண்டு. அதைப் போடச் சொல்லிவிட்டேன்.

சிஸ்டத்தின் குரலையும் நாங்கள் தமிழில் பதிவு செய்தோம். அது முழு வாக்கியமாகப் பேசாது, துண்டு துண்டாகச் சேர்த்துச் சொல்லும். முதல் துண்டு, எண்ணிக்கை, "புதிய", "செய்திகள்" என்று அதன் வரிசை மாறாது. முதல் துண்டில் "உங்களுக்கு வந்திருப்பவை" என்று பதிவு செய்ததும் மீதி எல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டது.

கேட்கிறவர் பக்கம் வந்தால், எண்களைக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். 1 கேட்க, 5 மறுபடி, 6 அடுத்தது, 7 அழிக்க, 8 இன்னொருவருக்கு அனுப்ப, 9 சேமிக்க. எல்லாவற்றையும்விட உதவுவது மெனுவில் யாரும் கவனிக்காத * தான். மெசேஜ் ஓடும்போது அதை அழுத்தினால் மூன்று வினாடி பின்னால் போகும். நம்பரை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறவர்களின் மெசேஜை முழுக்க மறுபடி கேட்க வேண்டாம், கடைசியில் இரண்டு முறை தட்டினால் நம்பர் கையில். 0 அழுத்தினால் நிற்கும், எழுதி முடித்துத் தொடரலாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த இரண்டையும்தான்.

8 அழுத்தி அனுப்பும்போது நம் குரலில் ஒரு முன்னுரை சேர்க்கலாம். "இது உங்க பிரிவு சம்பந்தப்பட்டது, அவங்ககிட்ட நான் பேசிட்டேன், நாளைக்குள்ள கூப்பிடுறதா சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பினால், கேட்கிறவர் அழைத்தவரிடம் முதலிலிருந்து விசாரிக்க மாட்டார். நான் ஆரம்பத்தில் சொன்ன அளவுகோலில் இந்த வசதிக்கு முழு மதிப்பெண்.

பிரிவுக்குப் பொதுவான பெட்டியில் ஒருவர் கேட்டதும் எல்லா போனிலும் விளக்கு அணைந்துவிடும். கேட்டாயிற்று என்றால் வேலை முடிந்தது என்று பொருளாகாதே. நாங்கள் கேட்டு முடித்து வேலை பாக்கி உள்ளதை 9 அழுத்தி, பிறகு 2 அழுத்தி, வேலைக்கான தனி அடுக்கில் போட்டு வைக்கிறோம். மாலையில் அந்த அடுக்கை ஒருவர் திறந்து பார்ப்பார்.

வாய்ஸ்மெயில் பெட்டியைத் திறக்கும் பின் (PIN) நம்பரை எக்ஸ்டென்ஷன் எண்ணாகவே விட்டுவைக்காதீர்கள். பிரிட்டனில் நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு பத்திரிகை 2011-இல் மூடப்பட்டதே அடுத்தவர்களின் வாய்ஸ்மெயிலைக் கேட்ட விவகாரத்தில்தான். மாற்றப்படாத பின் நம்பர்கள் அங்கே பெரிய வாசலாக இருந்தன. ஆபீஸ் பெட்டியில் வாடிக்கையாளர்களின் பெயரும் நம்பரும் கணக்கும் குரலாகக் கிடக்கின்றன, அதைக் காப்பது நம் கடமை.

பெட்டி நிறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள். எங்களுக்கு ஒரு பெட்டியில் 100 மெசேஜ். நிறைந்ததும் "இடமில்லை" என்று அழைத்தவருக்குத்தான் சொல்லும், பெட்டிக்காரருக்கு ஒரு வார்த்தை வராது. வாரத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையைப் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் தீராத குறை மின்னஞ்சலில் இருக்கிறது. மெசேஜ் ஒலிக்கோப்பாக மின்னஞ்சலில் வருவது வெளியே போகிறவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் அங்கே கேட்டது போன் பெட்டிக்குத் தெரியாது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். நாளடைவில் விளக்கை யாரும் மதிப்பதில்லை, உண்மையிலேயே புதிதாக வந்ததும் கவனிப்பாரில்லாமல் கிடக்கும். அனுப்பியதும் பெட்டியிலிருந்து அழித்துவிடச் சொல்லலாம், ஆனால் மின்னஞ்சல் பார்க்காதவருக்கு மெசேஜே இல்லாமல் போகும். மெசேஜ்களை மின்னஞ்சல் சர்வரிலேயே வைத்து, ஐமேப் என்ற மின்னஞ்சல் முறை வழியாக போனும் கணினியும் ஒரே பெட்டியைப் பார்க்கும்படி அமைக்க முடியும் என்று எங்கள் டெக்னீஷியன் தம்பி சொன்னார். கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும் வரை ஒவ்வொருவரும் மின்னஞ்சல், போன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மின்னஞ்சலைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் பெட்டியில் அழியும்படி போட்டிருக்கிறது.