அப்பளம் ஏன் உடைந்தது? ஐந்து ஏன், மீன்முள், 8டி, ஏ3: எங்களுக்கு எது தேறியது

ஓரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஏழு வருஷம் குவாலிட்டி பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, கல்லிடைக்குறிச்சிக்கே திரும்பி வந்து சித்தப்பாவின் அப்பளக் கம்பெனியில் உட்கார்ந்தேன். வந்த முதல் ஆனியிலேயே தலைவலி. சென்னைக்குப் போன சரக்கில் பெட்டிக்கு மூன்று நான்கு பாக்கெட் உடைசல் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். சித்தப்பா, "காத்து காலம்லே, காஞ்சா ஒடையத்தான் செய்யும், சவத்த விடு" என்றார். எனக்கு விட மனசில்லை, கோளாறின் மூலகாரணத்தைத் தேடக் கம்பெனியில் படித்த வித்தையெல்லாம் இறக்கிப் பார்த்தேன்.

முதலில் ஐந்து ஏன், அதாவது அடிக்காரணம் பிடிபடும் வரை ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்" என்று ஐந்து தடவை கேட்பது. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சாகிச்சி டொயோடா ஆரம்பித்து வைத்தது, டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ பரப்பியது என்பார்கள். ஓனோ சொல்லும் உதாரணம் பிரசித்தம்: மெஷின் நின்றது, ஏன் என்றால் ஃபியூஸ் போனது, அது ஏன் என்றால் பேரிங்கில் எண்ணெய் போதவில்லை, பம்ப் இழுக்கவில்லை, பம்ப்பின் தண்டு தேய்ந்திருக்கிறது, கடைசியில் பார்த்தால் வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. அழகான சங்கிலி. செலவில்லை, ஒரு பேனா போதும்.

நானும் கேட்டேன். ஏன் உடைகிறது? அதிகமாகக் காய்ந்திருக்கிறது. ஏன்? வெயிலில் கூடுதல் நேரம் கிடக்கிறது. ஏன்? மத்தியானம் எடுக்க வேண்டியதைக் காயப்போடும் அக்கா தாமதமாக எடுக்கிறார். அப்பளத்துக்குப் பதம் முக்கியம், ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், மொறமொறவென்று காய்ந்தால் விளிம்பு நெளிந்து தொட்டாலே போகும், அதனால் பதில் கச்சிதமாகப் பொருந்தியது, ஐந்தாவது ஏனுக்குப் போகாமலே நான் அந்த அக்காவிடம் போய் நின்றுவிட்டேன். "தம்பி, பத்து வருசமா இதே நேரத்துக்குத்தான் எடுக்கேன். இந்த ஆனியிலதான் ஒடையுதாக்கும்?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

ஐந்து ஏனில் உள்ள வில்லங்கம் இதுதான்: ஒரே தடத்தில் இறங்கும். முதல் பதில் தப்பாகிவிட்டால் மீதி நாலும் அதன் பின்னாலேயே போகும், அதுவும் பெரும்பாலும் சம்பளம் குறைந்த ஆளிடம் போய்த்தான் நிற்கும். ஓரகடத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன், கடைசி வரியில் எப்போதும் "ஆபரேட்டர் கவனக்குறைவு".

அடுத்து மீன்முள் படம், ஜப்பானியத் தர நிபுணர் கவோரு இஷிகாவாவுடையது. தலையில் பிரச்சினை, முள்ளுக்கு முள் காரணம்: ஆள், மெஷின், சரக்கு, செய்முறை, அளவீடு, சூழல். சார்ட் பேப்பரை மாவு இடிக்கும் அறைச் சுவரில் ஒட்டி, அப்பளம் இடும் அக்காமார், பேக்கிங் பையன்கள் எல்லாரையும் சொல்லச் சொன்னேன். உளுந்து மாவு மாறியதா, அப்பளக்காரம் கூடியதா, பலகை தேய்ந்ததா என்று பதினேழு காரணம் வந்தது. பதினாறாவதாகப் பேக்கிங் பையன் மெல்லச் சொன்னான்: "அண்ணே, பெட்டி இப்ப லேசா இருக்கு."

மீன்முள்ளின் பலம் அங்கேதான், வாய் திறக்காத ஆளையும் பேச வைக்கும். ஆனால் பதினேழில் எது நிஜம் என்று அது சொல்லாது, அங்கே கூடியிருந்தவர்களின் சந்தேகப் பட்டியல், அவ்வளவுதான். பல கம்பெனிகளில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. நான் ஒரே நாள் காய்ந்த அப்பளத்தை ஆறு பழைய ஐந்து பிளை (ஐந்தடுக்கு அட்டை) பெட்டியிலும் ஆறு புது மூன்று பிளை பெட்டியிலும் கட்டி, லாரியில் அடி வரிசையில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். பழைய பெட்டிகளில் 2 பாக்கெட் உடைசல், புதியவற்றில் 19. பெட்டியை மாற்றியது யார்? சித்தப்பாதான், பெட்டிக்குச் சில ரூபாய் மிச்சம் என்று சித்திரையில் மாற்றியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அந்த அக்காவிடம் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு உருண்டை மாவை உருட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

8டி என்பது கோளாறை எட்டுப் படியில் தீர்க்கும் முறை, ஃபோர்டு கம்பெனி 1987-ல் கொண்டுவந்தது. எட்டுப் படியில் மூன்றாவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: காரணம் தெரியும் முன்பே வாடிக்கையாளருக்குப் போகும் சேதத்தை இன்றைக்கே நிறுத்து. நாங்கள் அந்த வாரமே லாரி செட்டில் சொல்லி எங்கள் பெட்டியை மேல் வரிசைக்கு ஏற்றினோம். மற்றபடி பன்னிரண்டு பேர் உள்ள இடத்துக்கு அதன் படிவம் பாரம். எட்டாவது படி குழுவைப் பாராட்டுவது, அதற்கு வாழைக்காய் பஜ்ஜி போதுமானதாக இருந்தது.

எண்களை அளந்து அளந்து குறையைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மாவின் ஐந்து படி முறையைத் தொடவே இல்லை. அதன் இலக்கான பத்து லட்சத்துக்கு 3.4 குறை என்பது மோட்டோரோலா மாதிரி பெரிய கம்பெனிக் கணக்கு. தினம் வெயிலும் காற்றும் மாறுகிற களத்தில் அந்த அளவுக்கு எண் சேர்க்கவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.

நான் கடைசியில் கையில் வைத்துக்கொண்டது ஏ3, முழுக் கதையையும் ஒரே தாளில் எழுதும் முறை. 297-க்கு 420 மில்லிமீட்டர் தாள் ஒன்று, அதற்குள் பிரச்சினை, நிலவரம், காரணம், செய்தது, பலன் எல்லாம் அடங்க வேண்டும். மீன்முள்ளும் ஐந்து ஏனும் இதற்குள்ளேயே ஒரு மூலையில் உட்காரும். இந்தத் தடவை ஏனைப் பெட்டியிலிருந்து தொடங்கினேன்: பெட்டி மாறியது ஏன் பேக்கிங்கில் யாருக்கும் தெரியவில்லை? ஆர்டர் எல்லாம் சித்தப்பாவின் போனில் இருக்கிறது. இப்போது பெட்டி, மாவு, அப்பளக்காரம் எது மாறினாலும் பேக்கிங் மேஜைக்கு மேலே கரும்பலகையில் தேதியோடு எழுத வேண்டும் என்று பேச்சு. சித்தப்பா இரண்டு தடவை எழுதிவிட்டார், மூன்றாவதை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

ஐந்து பிளை பெட்டி திரும்ப வந்துவிட்டது. தாளில் பலன் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், ஐப்பசி மழையில் அட்டை ஈரம் குடிக்கும், அந்த லோடு சென்னைக்குப் போய் இறங்கட்டும்.