சி. டிஃப் பிசிஆர் கார்ட்ரிட்ஜ்: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

ஆன்டிபயாடிக் எடுத்தபின் வரும் வயிற்றுப்போக்கில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (சி. டிஃப்) என்ற குடல் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ஜீன்எக்ஸ்பர்ட் என்ற தானியங்கி பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) கருவியின் கார்ட்ரிட்ஜ் சுமார் 45 நிமிடத்தில் பதில் சொல்கிறது. அது தேடுவது கிருமியின் நச்சை அல்ல, நச்சை உருவாக்கும் டிசிடிபி மரபணுவை.

செய்முறை எளிது. ஸ்வாப்பை (பஞ்சுக் குச்சி) மலத்தில் தோய்த்து, ரீஏஜென்ட் (சோதனைக் கரைசல்) குப்பியில் முறித்துப் போட்டு, 10 நொடி வோர்டெக்ஸ் கருவியில் அதிர வைத்துக் கலக்கி, கார்ட்ரிட்ஜில் ஊற்ற வேண்டும். ஸ்வாப்பில் மலத்தை அப்பிவிட்டால் பிசிஆர் தடைபட்டு 'இன்வேலிட்' (முடிவு செல்லாது) என்று வரும். நுனி நனைந்தாலே போதும்.

குடியாத்தம், ஆரணியிலிருந்து பஸ்ஸில் வரும் மாதிரிகளுக்கு இது, நச்சையே நேரடியாகத் தேடும் எலைசா சோதனையைவிட மேல். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்திலேயே நச்சு சிதையத் தொடங்கும், மரபணு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனாலும் ஐஸ் பெட்டியில் 2–8 டிகிரியில் அனுப்புவதே சரி. கருவிக்கு 30 டிகிரிக்கு மேல் ஆகாது. மே மாதம் ஏசி இல்லாமல் நடக்காது. யுபிஎஸ்சும் வேண்டும். பாதியில் கரண்ட் போனால் கார்ட்ரிட்ஜ் குப்பைக்குத்தான், விலையோ கொஞ்சமல்ல.

பெரிய குறை வேறு. நோயில்லாமல் கிருமியைச் சுமப்பவருக்கும் பாசிட்டிவ் காட்டும். அதனால் கெட்டியான மலத்தை வாங்கவே கூடாது, 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வழக்கமாக வேண்டாம். முதலில் ஜிடிஹெச்சையும் (இந்தக் கிருமி உருவாக்கும் ஒரு நொதி) நச்சையும் சேர்த்துத் தேடும் எலைசா; இரண்டும் முரண்பட்டால் மட்டும் பிசிஆர் என்பதே எங்கள் பரிந்துரை. குணமானதா என்று பார்க்க இதைத் திரும்பச் செய்வது வீண்செலவு, மரபணு வாரக்கணக்கில் தெரியும்.