பெயின்ட் வாளியா, சாக்குப் பையா?

டிராகன் பழமும் ஊதா கேரட்டும் வீட்டிலேயே வளர்க்க ஆசை. தொட்டி வாங்க மனமில்லை. கையில் இருந்தவை, காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளியும் ஒரு பழைய சணல் சாக்கும்தான்.

வாளி ஈரத்தைச் சட்டென்று விடாது. ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தாங்கும். அதுவே அதன் வினையும்கூட. டிராகன் பழம் கள்ளி இனம். வேர் மேலாகத்தான் படரும். நான் முதலில் அடியில் இரண்டே துளை போட்டேன், அதையும் மண் அடைத்துக்கொண்டது. தண்டின் அடி பழுப்பாகி, விரலால் அழுத்தினால் கொழகொழவென்றிருந்தது. அடுத்த வாளிக்கு எட்டுத் துளை, மண்ணில் பாதிக்கு மணலும் மட்கிய உரமும். அப்புறம் பிரச்சினையில்லை.

சாக்கில் காற்று புகும். ஓரத்தைத் தொடும் வேர் நுனி காய்ந்து, உள்ளே பக்கவேர்கள் கிளைக்கும். வாளியில் அதே வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் சாக்கு வெயில் காலத்தில் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கும். சணலும் சீக்கிரம் மட்கிவிடும்.

கேரட்டுக்குச் சாக்கு போதும். ஓரடி ஆழத்துக்குக் கல்லில்லாத பொலபொல மண், மூன்று நான்கு மாதம், பிறகு சாக்கைக் கவிழ்த்தால் அறுவடை. டிராகன் பழமோ பல வருடம் நிற்கும், கொடியைத் தாங்கக் கம்பமும் வேண்டும். சாக்கில் கம்பம் நட்டால் சாய்ந்துவிடும். அதற்கு வாளிதான், சந்தேகமே வேண்டாம்.