நாற்பதைத் தாண்டித் தொடங்கிய கராத்தே: பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் எழுதுவது

நாற்பது வயதைக் கடந்த பிறகு ஷோட்டோகான் முறைக் கராத்தே பயிலத் தொடங்கி, இடையில் தடைகள் வந்தபோதும் விடாமல் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறேன். இந்த வயதில் சேரலாமா என்று தயங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள்: உடம்பு ஈடுகொடுக்குமா, ஆபத்து நேரும்போது இது காப்பாற்றுமா. முறையாகப் பயின்றால் உடம்பு நிச்சயம் ஈடுகொடுக்கும். இரண்டாம் கேள்விக்கு அவ்வளவு நேரான விடை இல்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயதைப் பற்றி முதலில். ஒகினாவாத் தீவில் வளர்ந்த இக்கலையை 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்து, அங்கேயே தங்கிக் கற்பிக்கத் தொடங்கிய கிச்சின் ஃபுனகோஷிக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. அவர் இளமையிலிருந்தே பயின்றவர். புதிதாகத் தொடங்குபவரை அவரோடு ஒப்பிட முடியாது. ஆயினும் இக்கலையின் அடிப்படை, துள்ளிக் குதிக்கும் இளமையை நம்பி நிற்கவில்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. உயரத் தூக்கி உதைப்பதுதான் கராத்தே என்று திரையில் பார்த்துப் பழகியவர்களுக்கு, பயிற்சியின் பெரும்பகுதி நிற்பதிலும் நகர்வதிலும் இடுப்பைத் திருப்புவதிலும் கழிகிறது என்பது வியப்பாகவே இருக்கும்.

அந்த நிற்றலில்தான் மூத்தவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். முன்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் ஜென்குட்சு டாச்சியில், மடிந்த முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். அது உள்பக்கமாகச் சரிந்தால் மூட்டு வலி விரைவில் வந்துவிடும். குதிரைமேல் அமர்ந்ததுபோல் நிற்கும் கிபா டாச்சியில், இளைஞர்கள் இறங்கும் அளவுக்கு நாமும் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலை சற்று உயரமாக இருந்தாலும் முதுகு நேராகவும் பாதங்கள் தரையில் உறுதியாகவும் இருந்தால் போதும். உதையும் இடுப்புக்குக் கீழே செல்வதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தற்காப்புக்கு உண்மையில் அதுவே பொருத்தமும்கூட, ஏனெனில் தலை உயரத்துக்குக் காலைத் தூக்குபவர் அந்த நொடியில் தம் சமநிலையைப் பணயம் வைக்கிறார். மூட்டுத் தேய்மானமோ இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே சேர வேண்டும்.

இனி தற்காப்பு. கராத்தே எனக்குக் கற்றுத்தந்தவற்றுள் முதலிடம் தூரத்துக்கு உண்டு. இணைந்து பயிலும்போது எதிரில் நிற்பவர் எவ்வளவு நெருங்கினால் அவர் கை என்னைத் தொடும், எந்த இடத்தில் நின்றால் தொடாது என்பதைக் கண் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. அறிமுகமற்ற ஒருவர் பேச்சுக் கொடுத்தபடியே நெருங்கி வரும்போது, இன்று என்னை அறியாமலே அரை அடி பின்வாங்கிச் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறேன். கைகள் மார்பு உயரத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரு குத்தைக்கூடப் பயன்படுத்தத் தேவையில்லாமல் செய்வது இந்தப் பழக்கமே. அடுத்தது குரல். அடியோடு சேர்த்து மூச்சை வெளியேற்றிக் கத்தும் கியாய், அடக்கமாகப் பேசியே வளர்ந்த பெரியவர்களுக்கு உதையைவிடக் கடினமானது. பலர் பல மாதங்கள் வரை வாயசைப்போடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குரல் திறந்துகொண்ட நாளிலிருந்து அவர்கள் நடையே மாறிவிடுகிறது. தன்னம்பிக்கை என்று பலர் பொதுவாகச் சொல்வதன் பெரும்பகுதி, ‘வேண்டாம், தள்ளி நில்லுங்கள்’ என்று உரக்கச் சொல்ல முடிவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தடுப்பும் தாக்குதலுமாக வகுத்த அசைவுகளை வரிசையாகத் தனியே செய்து பழகும் கட்டாவை வீண் நடனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொடக்க நிலையில் கற்பிக்கும் ஹெய்யான் ஷோடான் என்ற கட்டாவின் 21 அசைவுகளுக்குள், கீழ்த்தடுப்புக்குப் பின் வலக்கையைப் பின்னிழுத்து, வட்டமாகச் சுழற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் இறக்கும் ஓர் அசைவு உண்டு. பிடிக்கப்பட்ட மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளும் முறை என அதை விளக்குவார்கள். தனியே செய்யும்போது அது வெறும் கையசைப்பு. மற்றொருவர் உண்மையாகவே மணிக்கட்டை இறுகப் பற்றும்போதுதான், கைவலிமையால் இழுத்தால் விடுபடாது, கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உடலையும் சேர்த்து நகர்த்த வேண்டும் என்பது புரிகிறது. இணையோடு பழகாத கட்டா பாதிக் கல்விதான். அதற்காகக் கட்டாவையே கைவிடுவது, விதையை எறிந்துவிட்டு விளைச்சலைத் தேடுவதாகும்.

குமிதே எனப்படும் மோதல் பயிற்சியால் பெரும் நன்மை உண்டு: முகத்தை நோக்கிக் கை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு உறைந்துபோகும் இயல்பு குறைகிறது. ஆனால் போட்டிக்கென்று மட்டுமே பழகுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. போட்டி விதிகளில் குத்துக்கு 1 புள்ளி, உடல் உதைக்கு 2, தலை உதைக்கு 3 என்று கிடைக்கும். அளவு மீறிய தாக்குதலுக்குத் தண்டனை உண்டு. புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்திவிடுவார். தெருவில் நிறுத்த யாரும் இல்லை, எதிரி ஒருவர்தான் என்ற உறுதியும் இல்லை. கத்தியோடு வருபவரிடம், பொருளைக் கொடுத்துவிட்டு ஓட வழியிருந்தால் ஓடுவதுதான் சரி. கருப்பு பெல்ட் வாங்கியவருக்கும் இதுவே பொருந்தும். இதை வெளிப்படையாகச் சொல்லும் மாஸ்டரையே நான் நம்புகிறேன்.

பெல்ட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூடோவிலிருந்து பெற்ற அந்த வரிசைமுறையில் ஃபுனகோஷி முதன்முதலாக டான் எனப்படும் கருப்பு பெல்ட் தகுதி வழங்கியது 1924இல்தான். அடுத்த பெல்ட்டுக்கான கிரேடிங் தேர்வு ஒழுங்காகப் பயிலத் தூண்டுகிறது. சில மாதங்களில் கருப்பு பெல்ட் தருவதாகச் சொல்லும் இடம் தரமானதாக இருக்க வழியில்லை.

சேரும் முன் ஒரு வகுப்பை முழுதாக அமர்ந்து பாருங்கள். வயதில் மூத்தவர்களும் சிறுவர்களும் ஒரே அளவுக்கு வாட்டப்படுகிறார்களா, தவறாக நிற்பவரின் முழங்காலை மாஸ்டர் கவனித்துத் திருத்துகிறாரா, தோற்றவரைக் கேலி செய்யும் பேச்சு எழுகிறதா என்று கவனியுங்கள். வகுப்பு முடிந்ததும் ஏதேனும் ஒரு தடுப்பைக் குறிப்பிட்டு, இது எதற்குப் பயன்படும் என்று கேளுங்கள். ஒரு மாணவரை அழைத்து, பிடிக்கச் சொல்லி, மெதுவாகச் செய்து காட்டுபவரிடம் தயங்காமல் சேரலாம்.