விடியல் பயணம்: தினமும் வெள்ளை போர்டு பஸ்ஸில் போகிற ஒருத்தியின் மதிப்பீடு

காலையில் வேலைக்கு ஒரு தடவை, சாயங்காலம் திரும்ப ஒரு தடவை, அம்மாவைப் பார்க்கப் போனால் இன்னும் இரண்டு. தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில், அதாவது வெள்ளை போர்டு வண்டிகளில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அந்தத் திட்டத்துக்குத்தான் விடியல் பயணம் என்று பெயர். ஊரடங்கு முடிந்து வண்டிகள் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இதுதான் வாகனம். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தபோது ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரியவந்தது. என் வீட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். முன்பு ஷேர் ஆட்டோவுக்குப் போன காசு இப்போது மகளின் டியூஷனுக்குப் போகிறது. வண்டி பழசு, மழை வந்தால் ஜன்னலோர சீட்டில் உட்கார முடியாது, ஆனாலும் நல்ல சேவை என்று தயங்காமல் சொல்வேன்.

எனக்கு உறுத்துவது வண்டி இல்லை. அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர்.

போன மாதம் ஒரு நாள் காலை, பூக்கூடையோடு ஒரு பாட்டி ஏறினார். நல்ல கூட்டம். கூடையைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்காரப் போனார். பின்னால் நின்ற ஒருவர், "காசு கொடுத்தவன் நிக்கிறான், ஓசியில வர்றவங்களுக்கு சீட்டு" என்றார். பெரிதாகச் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பாட்டி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றே வந்தார், நான் எழுந்து இடம் கொடுத்தும் "வேண்டாம் தாயி, இதோ இறங்கிருவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் இறங்க இன்னும் ஏழு நிறுத்தம் இருந்தது.

ஓசி என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன. இது உன்னுடையது இல்லை. யாரோ போட்ட பிச்சை. அதனால் குறை சொல்ல உனக்கு வாய் கிடையாது. யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் அரசு கொடுத்த அட்டையில்தான் போகிறார்கள். அதற்குப் பெயர் பாஸ். பாஸ் வைத்திருக்கிற பையனை யாரும் எழுந்து நிற்கச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கண்டக்டர் பெண்களுக்குத் தருகிற அந்தச் சின்ன டிக்கெட்டை நிறையப் பேர் கசக்கிக் கீழே போடுகிறார்கள், சிலர் வாங்குவதே இல்லை. தயவுசெய்து வாங்குங்கள். பெண்களுக்குத் தந்த டிக்கெட்டுகளின் கணக்கை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. அதாவது நம் கட்டணம் கட்டப்படுகிறது, நம் எல்லோருடைய வரியிலிருந்து. அந்தப் பாட்டி வாங்குகிற சோப்பிலும் செருப்பிலும் வரி இருக்கிறது. அரசு தரப்பில் "கட்டணமில்லா" என்று எழுதுகிறார்கள், அது சரியான சொல். தெருவில் அது "இலவச பஸ்" ஆகி, அப்புறம் "ஓசி பஸ்" ஆகிவிட்டது.

சொல் மாறினால் பேச்சே மாறும் என்பதை நம் ஊர் நன்றாக அறியும். 1982இல் எம்.ஜி.ஆர். பள்ளிச் சாப்பாட்டை விரிவாக்கியபோது அதற்கு சத்துணவு என்று பெயர். இலவசச் சோறு என்று பெயர் வைத்திருந்தால் வாதம் சோற்றோடு நின்றிருக்கும். சத்து என்று வந்ததால் பருப்பு போதுமா, காய் உண்டா, முட்டை வாரத்தில் எத்தனை நாள் என்று அம்மாக்கள் கேட்க வழி கிடைத்தது. அதே மாதிரி 2023 செப்டம்பரில் தொடங்கிய ஆயிரம் ரூபாய்க்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர். எங்கள் தெருவில் மனு நிராகரிக்கப்பட்ட பெண்கள் "எனக்கு ஏன் வரலை?" என்று நிமிர்ந்து கேட்டார்கள், மேல்முறையீடு செய்தார்கள். உதவித் தொகை என்று இருந்தால் பாதிப் பேர் தலையைக் குனிந்து திரும்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்துச் சொல்லுக்கும் பலம் உண்டு. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இப்படிப்பட்ட திட்டங்களை "ரேவ்டி" கலாச்சாரம் என்றார். ரேவ்டி என்பது வடக்கே கிடைக்கும் எள் மிட்டாய். குருடன் ரேவ்டி பங்கிட்டால் தன் ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் கொடுப்பான் என்று இந்தியில் ஒரு பழமொழி இருக்கிறது. அந்த ஒரு மிட்டாயில் படம் முழுதும் வந்துவிட்டது: கொடுப்பவர் ஒருவர், கை நீட்டுபவர்கள் ஒரு கூட்டம். வரி கட்டினவர் அந்தப் படத்திலேயே இல்லை. கம்பெனிகளுக்கு அரசு பணம் கொடுத்தால் அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர், அங்கே மிட்டாய் கிடையாது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று தாராளமாக விவாதிக்கலாம், செலவு பெரிய செலவுதான். ஆனால் மிட்டாய் என்று ஆரம்பித்தால் விவாதம் பாதி முடிந்த மாதிரிதான்.

விடியல் என்ற பெயரிலும் எனக்குக் குறை உண்டு. தேர்தல் முழக்கத்திலிருந்து வந்த சொல் அது. இதே மாதிரித் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் சக்தி என்று பெயர், தெலங்கானாவில் மகாலட்சுமி. எல்லாமே மேலிருந்து ஏதோ இறங்கி வருகிற மாதிரியான பெயர்கள். பேருந்து என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி, தெருவிளக்கு மாதிரி. விளக்குக்கு அடியில் நடப்பவரை ஓசி வெளிச்சம் என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் வழித்தடத்தில் இரவு எட்டரைக்கு மேல் வெள்ளை போர்டு வண்டி கிடையாது. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்கள் ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருகிறார்கள். அதற்கு ஒரு மனு தயார் செய்தோம். பக்கத்து வீட்டு அக்கா முதல் வரியில் "இலவசப் பேருந்து கூடுதலாக விடும்படி தாழ்மையுடன்" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு "எங்கள் வழித்தடத்தில் இரவு 9.15க்கு ஒரு நகரப் பேருந்து தேவை" என்று எழுதினோம். இதுவரை நாற்பத்தி மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பூக்காரப் பாட்டி கைநாட்டு வைத்தார்.