பன்றி மாதிரிகளுக்கான டிஜிஎஃப்-பீட்டா 1 எலிசா கிட்: நாமக்கல் பக்கத்து ஆய்வகம் ஒன்றின் அனுபவம்

பால் மறந்த வெண்பன்றிக் குட்டிகளின் ரத்தத்திலும் தாய்ப்பன்றிகளின் சீம்பாலிலும் டிஜிஎஃப்-பீட்டா 1 என்னும் வளர்ச்சிக் காரணியை அளப்பதற்காக, 96 குழிகள் கொண்ட தகட்டில் நிறமாற்றத்தைக் கொண்டு ஒரு புரதத்தின் அளவைக் காட்டும் எலிசா கிட் இரண்டை இந்தக் கோடையில் வாங்கிப் பயன்படுத்தினோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

அளவீட்டுத் திறனில் குறை சொல்ல இடமில்லை. அளவு முன்பே தெரிந்த, ஒப்பிடுவதற்கான தர மாதிரிகள் எட்டையும் இரட்டையாக வைத்தால் 16 குழிகள் போய்விடும். எஞ்சிய 80 குழிகளில் 40 மாதிரிகளைப் பார்க்கலாம். நிறத்தின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் கருவியால் படித்தபோது இரட்டைக் குழிகள் நன்றாகவே ஒத்துப்போயின.

என் மனக்குறை விலையைப் பற்றியது. 'பன்றிக்கென்றே தயாரித்தது' என்ற அட்டைக்காக, மனித மாதிரிகளுக்கான கிட்டைவிடக் கூடுதலாகக் கொடுத்தோம். ஆனால் முதிர்ந்த, அதாவது செயல்படும் வடிவிலுள்ள, டிஜிஎஃப்-பீட்டா 1 சங்கிலியின் 112 அமினோ அமிலங்களும் மனிதனிலும் பன்றியிலும் ஒன்றேயாகையால், அந்த முதிர்ந்த வடிவத்தைப் பிடிக்கும் மனித கிட்டே, நீர்த்தல் சோதனையில் (மாதிரியை நீர்க்க நீர்க்க அளவும் அதே விகிதத்தில் குறைகிறதா என்று பார்ப்பது) தேறினால், இந்த வேலைக்குப் போதும். எல்லாக் காரணிகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

அதைவிடப் பெரிய குறை, அமிலம் பெட்டியில் இல்லாதது. ரத்தத்தில் இந்தக் காரணி பெரும்பாலும் வேறொரு புரத உறைக்குள் அடங்கிய செயலற்ற வடிவில்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அதை விடுவித்து, காரம் சேர்த்து நடுநிலையாக்கி, தாமதிக்காமல் தகட்டில் இட வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் உள்ள சுருக்கக் குறிப்பில் இந்தப் படி இல்லை, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. சுருக்கக் குறிப்பை நம்பிய எங்கள் முதல் தகட்டில், தர மாதிரிகள் மட்டும் அழகாக மஞ்சளாகி நிற்க, குட்டிகளின் குழிகள் ஏறக்குறைய வெள்ளையாகவே கிடந்தன. (அன்று மாலை ஆய்வகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை.)

சீரமும் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிநீர்) ஏற்கத்தக்கது என்று கையேடு சொல்வதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தட்டணுக்களில் இந்தக் காரணி நிறைந்திருக்கிறது. ரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டுவதால், குட்டியின் நிலைக்குப் பதிலாக உறைதலின் அளவையே நாம் அளந்துகொண்டிருப்போம். ராசிபுரம் பக்கத்துப் பண்ணையில் எடுத்த ரத்தம் வெயிலில் வண்டியேறி வந்து சேர்வதற்குள் நடப்பது இதுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, பண்ணையிலேயே சுழற்றித் தட்டணுக்கள் நீக்கிய பிளாஸ்மாவைப் பிரித்த பிறகுதான் எங்கள் எண்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. சீம்பாலுக்கு முதலில் கொழுப்பை நீக்கினால் போதுமானதாக இருந்தது.

'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்ற வரியை எழுதியவர் ஏப்ரல் மாதத்து நாமக்கல்லைப் பார்த்திருக்க மாட்டார். இரண்டாவது தகட்டின்போது மின்சாரம் நின்று குளிர்சாதனம் ஓய்ந்துவிட, நிறம் குறித்த நேரத்திற்கு முன்பே அடர்ந்து, மேல்நிலைத் தர மாதிரிகள் இரண்டு படிக்கும் கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டன. அடுத்த தடவை மனித கிட்டையும் அமிலத்தையும் தனித்தனியாக வாங்கப்போகிறோம், தகடு போடுவதும் காலை ஏழு மணிக்குத்தான்.