டெம்பரேச்சர் முள் ஏறும்போது: ஓட்டுவதா, நிறுத்துவதா, கட்டி இழுப்பதா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது முள் சிவப்பை நோக்கி நகர்கிறது. "ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரைப் போடு, போயிடலாம்" என்று பின்சீட்டிலிருந்து யோசனை வரும்.

பாதிதான் சரி. ஹீட்டருக்குள் ஓடுவதும் இன்ஜினின் சூடான கூலன்ட்தான் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), அதனால் முழுதாகத் திருப்பிவைத்தால் கொஞ்சம் சூடு வெளியேறும். ஏசியை அணைத்தால் கூலன்ட்டை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள, ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் சூடும் குறையும். ஆனால் ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரைதான் இந்த வைத்தியம், மலையுச்சி வரைக்கும் அல்ல. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் வற்றிவிட்டது, அல்லது ஓடவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியதுதான். அப்போது முள் திடீரென்று இறங்கினாலும் நம்பாதீர்கள். சென்சாரைச் சுற்றித் திரவமே இல்லாவிட்டால் அது எதையாவது காட்டும்.

என் வாக்கு நிறுத்திக் காத்திருப்பதற்கே. இதில் கெடுப்பது அவசரம்தான். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தொட்டால் சுடாமல், அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அதன் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம்.

கட்டி இழுத்துப் போக வேண்டியது எப்போது? அடியில் கூலன்ட் ஒழுகினால், பெல்ட் அறுந்திருந்தால், ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் ரெக்கவரி வண்டிதான். காசு பார்த்து ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும். அப்புறம் லேத் வேலை, இன்ஜின் பிரித்த கூலி என்று நீளும். பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் சாலையோர உதவி சேர்த்துக்கொள்ளலாம், அதன் எண் போனில் இருக்கட்டும்.

ஒழுகல் இல்லை, ஆறிய பிறகு கூலன்ட் அளவு மட்டும் குறைந்திருக்கிறது என்றால் குடிக்கும் தண்ணீரையே ஊற்றி மெதுவாக மெக்கானிக்கிடம் போய்விடலாம். நெரிசலில் மட்டும் சூடேறுகிறதா, ஓடும்போதுமா என்று அவரிடம் சொல்லுங்கள். நெரிசலில் மட்டும் என்றால் அவர் முதலில் ஃபேனையும் அதன் ஃபியூஸையும் பார்ப்பார்.